சளிக்காய்ச்சலும் இ.சி.ஜி. தாளும்

இன்ஃப்ளூயன்சா, கோவிட்-19 முதலிய வைரஸ் நோய்கள் மூச்சுப்பாதையில் தொடங்கினாலும், நோயாளிகளுள் சிலருக்கு இதயத்தையும் பாதிக்கின்றன. அப்பாதிப்பை அறிய மருத்துவர் முதலில் கேட்பது இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைவுதான். இதயத்தில் எழும் மின்னோட்டத்தை வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் கட்டமிட்ட தாளில் கோடாகப் பதியும் இம்முறைக்காக, நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

காய்ச்சலின்போது மிகுதியாகக் காணப்படுவது, ஒழுங்கு குலையாமல் வேகம் மட்டும் கூடிய துடிப்பாகும். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 துடிப்புகள் கூடுவது இயல்பே என்பதால் இதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. ஆனால் காய்ச்சல் தணிந்து, உடலில் நீர்ச்சத்தும் குறையாதிருக்க, வேகம் மட்டும் இறங்க மறுத்தால், இதயத்தசையே அழற்சியுற்றிருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது.

மருத்துவரை உண்மையில் திணறடிப்பது எஸ்.டி. பகுதி, அதாவது இதயக் கீழறைகள் சுருங்கத் தொடங்கியதைக் காட்டும் கூர்முனைக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு. இதய ரத்தக்குழாய் அடைபட்டால், இதயத்தைப் பல கோணங்களிலிருந்து எடுக்கும் பதிவுகளுள், அக்குழாய் ஊட்டும் தசைப்பகுதியை நோக்குபவற்றில் மட்டும் இக்கோடு உயரும். இதய உறை அழற்சியிலோ பெரும்பாலான பதிவுகளிலும் பரவலாக உயர்ந்து காணப்படும். பாடநூல் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொன்னாலும், இதயத்தசை அழற்சி மாரடைப்பைப் போலவே வேடமிட வல்லது. கோவிட் பரவிய 2020இல் நியூயார்க் மருத்துவமனைகளில் எஸ்.டி. உயர்வு கண்ட 18 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையில், 8 பேருக்கே மாரடைப்பு என முடிவாயிற்று. எஞ்சியோருக்கு இதயத்தசை சேதமுற்றதற்குக் குழாய் அடைப்பு காரணமன்று. அதற்காக எல்லாவற்றையும் தசை அழற்சியின் தலையில் கட்டிவிடவும் இயலாது. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுவதாக 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. ஆகவே தாளை மட்டும் நம்பாமல், தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ, தேவையானால் ஆஞ்சியோகிராம் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

கோவிட் போன்ற நோய்களில் ரத்தம் உறைந்து, அந்த ரத்தக்கட்டி நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்தால், இதயத்தின் வலப்பக்கம் திணறுவதும் வரைவில் தெரியலாம்.

சில வேளைகளில் கோட்டை மாற்றுவது நோயன்று, மருந்து. கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீளும் வரையிலான கியூ.டி. இடைவெளியை, கோவிட் தொடக்கக் காலத்தில் பலருக்கும் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுவின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டும் நீட்டக்கூடியவை. துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய இவ்விடைவெளி 500 மில்லிவினாடியைத் தாண்டினால் உயிர்குடிக்கும் துடிப்புக்கோளாறு நேரும் ஆபத்து மிகும் என்பதால், அம்மருந்துகளைத் தந்தோர் இ.சி.ஜி.யை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்க நேர்ந்தது.

இயல்பான இ.சி.ஜி. கூட இதயத்தசை அழற்சி இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆகவே, அழற்சி உறுதியான விளையாட்டு வீரர்களைப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை கடும் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்து, 24 மணி நேரத் துடிப்புப் பதிவும் உடற்பயிற்சிச் சோதனையும் செய்த பிறகே மருத்துவர்கள் களத்துக்குத் திரும்ப அனுமதிக்கின்றனர்.