உங்களுக்குத் தெரியுமா? கடன் மேசையும் நம் வாக்கும்

● இலங்கை சர்வதேச நாணய நிதியத்தில் 1950இல் சேர்ந்தது. முதல் கடன் உடன்பாடு 1965இல். 2023 மார்ச் 20இல் அங்கீகாரம் பெற்ற 290 கோடி டொலர் திட்டம் பதினேழாவது.

● கூப்பன் அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது 1953இல். உணவு மானியத்தைக் குறைக்கும்படி உலக வங்கிக் குழு முன்னரே ஆலோசனை சொல்லியிருந்தது. ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

● கடன்காரரின் நிபந்தனைகளை ஏற்பதா என்று கிரேக்க அரசு தன் மக்களிடமே கேட்டது. 2015 ஜூலை 5இல் 61 வீதத்தினர் ‘வேண்டாம்’ என்றனர். அப்போது வங்கிகள் மூடிக்கிடந்தன, ஏ.டி.எம்.மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்கலாம். எட்டே நாளில், ஜூலை 13இல், பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் கடும் நிபந்தனைகளுடன் புதிய கடனுக்குச் சம்மதித்தார்.

● இலங்கை மக்கள் இதுவரை ஒரே ஒரு சர்வஜன வாக்கெடுப்பைத்தான் கண்டார்கள், 1982இல். நாணய நிதிய உடன்பாடு பாராளுமன்றத்தோடு நின்றது. 2023 ஏப்ரல் 28இல் ஆதரவு 120, எதிர்ப்பு 25. ஏறத்தாழ 80 பேரின் வாக்கு எந்தப் பக்கமும் பதிவாகவில்லை. நாட்டின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கும் நாளில் ஆசனத்தில் இருப்பது உறுப்பினரின் கடமை.

● 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வற் வரி, 2024 ஜனவரியில் 18 வீதத்தைத் தொட்டது. பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் கடையில் வீதம் ஒன்றுதான்.

● வெளிநாட்டுக் கடன்காரரோடு பேச்சு முடியுமுன்பே உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டது. 2023 ஜூலை 1இல் பாராளுமன்றம் 122க்கு 62 என அதை நிறைவேற்றியது. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த முறிகள் குறைந்த வட்டிக்கு மாறின.

● நிதியத்தின் 290 கோடி டொலர் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக வருவது. வெளிநாடுகளில் உழைப்போர் 2023 என்ற ஒரே ஆண்டில் அனுப்பியது கிட்டத்தட்ட 600 கோடி டொலர். அக்கரைப்பற்று, கல்முனைப் பிள்ளைகள் வளைகுடா வெயிலில் சிந்திய வியர்வையும் அதில் சேர்ந்ததே. நாட்டைத் தாங்கியவர்கள் பட்டியலில் அவர்களுக்கு முன்வரிசை வேண்டும்.

● நமக்குப் பக்கத்து ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. வாயிலை மணல் அடைத்தது. அயற்கரையைக் கடல் அரித்தது. துறைமுகம் பயன் தராவிட்டாலும் கடன் கடன்தான்.

● நாணய நிதியத்தின் நிபந்தனைகளை மீளப் பேசுவோம் என்று சொன்ன அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். ஆட்சி மாறியது, திட்டம் தொடர்ந்தது.

● நிதியம் ஆசியாவில் முதன்முதலாக ஆட்சிமுறையையும் ஊழல் அபாயத்தையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது இலங்கையைப் பற்றித்தான், 2023 செப்டெம்பரில்.

● கடன் தந்த நாடுகளுடன் 2024 ஜூனில் எட்டிய இணக்கப்படி தவணைகள் 2028 வரை பிற்போடப்பட்டன. 2043 வரை கட்டவேண்டும். இன்று புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் உழைத்துக் கட்டப்போகும் கடன் இது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் வீதியும் வேலையும் மட்டும் கேட்காமல், எந்தக் கடனுக்கு, எந்த நிபந்தனைக்குக் கையுயர்த்தினீர்கள் என்றும் கேட்போம்.