அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைக்கான உதவித்தொகையும் ஆயரின் கடமையும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சபைகளில் அருட்பணி புரியும் ஆயர், அறிவுசார் குறைபாடுடைய பிள்ளை இருக்கும் வீட்டிற்குச் சென்றால் பெரும்பாலும் ஜெபித்துவிட்டுத் திரும்புகிறார். ஜெபம் வேண்டியதே. ஆயினும், அப்பிள்ளைக்கு அரசிடமிருந்து சேரவேண்டியது சேர்ந்திருக்கிறதா என வினவும் ஆயர்கள் நம்மிடையே மிகச் சிலரே. வினவாமைக்குக் காரணம் பெரும்பாலும் மனமின்மையன்று, நடைமுறையை அறியாமையே. அக்குறையை ஓரளவு நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சட்டநிலையைக் காண்போம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஆட்டிசம் உட்பட 21 வகைகளை ஏற்கிறது. அதன் பெயரிலேயே ‘உரிமைகள்’ என்னும் சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவைன்சன் அம்மையார் செவித்திறனற்றோருக்கும் பள்ளிகள் நிறுவினர். அவை இரக்கத்தின் வழியிற் பிறந்தவை. அவற்றின் பெருமை குன்றாதது. ஆனால் இன்று ஒரு தாய் அலுவலகத்தின் முன் நிற்பது இரக்கத்தை நாடியன்று. தனக்குரியதைக் கேட்கவே நிற்கிறாள். இவ்வேறுபாட்டை அவளும் அறியவேண்டும். அவளை அனுப்புகிற நாமும் அறியவேண்டும்.

அலுவலகம் எது என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ஒன்று உண்டு. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தை நாடவேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு; அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்போருக்கு இது உரியது. மாதம் 2000 ரூபாய். இதற்குரியவர் விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். இரண்டையும் ஒருங்கே பெற இயலாது. இவ்வேறுபாடு தெரியாமல் வட்டாட்சியர் அலுவலகத்திற்கே நடந்து நடந்து ஓய்ந்துபோனவர்கள் உண்டு. நூற்பாலையிலோ, சத்திரப்பட்டித் தறிகளிலோ வேலை செய்யும் குடும்பத்திற்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி என்பதை நாம் மறத்தலாகாது.

எந்த உதவிக்கும் அடிப்படை, குறைபாட்டுச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையுமே. இ-சேவை மையத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பித்த பின்னர், பிள்ளையை அரசு மருத்துவர்கள் மதிப்பிடவேண்டும். கை கால் குறைபாட்டை எலும்பு மருத்துவர் ஒருவர் கண்டறிந்துவிடலாம். அறிவுசார் குறைபாட்டிற்கு உளவியல் சோதனை தேவை. அதற்குரியவர் எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. ஆதலின் விருதுநகருக்குச் செல்ல நேரிடலாம். பள்ளிக் கல்வித்துறையினர் வட்டார வள மையங்களின் வாயிலாக நடத்தும் மருத்துவ முகாம்களும் உண்டு. முகாம் நாளை முன்னரே விசாரித்து ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பது ஆயருக்கு எளிய செயல்.

மதிப்பீட்டு அறையில் நிகழ்வதைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். அறிவுத்திறன் சோதனையோடு ‘வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல்’ என்பதையும் பயன்படுத்துவர். அமெரிக்க உளவியலாளர் எட்கர் டால் 1935இல் உருவாக்கியது இது. நம் நாட்டுச் சூழலுக்கேற்ப மாலின் என்பவர் திருத்தியமைத்தார். இது பிள்ளையிடம் வைக்கும் தேர்வன்று. பிள்ளை தானே உண்கிறானா, உடுத்துகிறானா, கழிப்பிடத்திற்குச் செல்கிறானா, கடைக்குத் தனியே போய்வருவானா என்று தாயிடம் கேட்டு மதிப்பிடுவது. அங்கேதான் இடறல். பிறர்முன் மகனை விட்டுக்கொடுக்க மனமில்லாத தாய், “எல்லாம் செய்வான்” என்கிறாள். அன்பினால் சொல்கிறாள்; வெட்கத்தினாலும் சொல்கிறாள். சான்று வெளியே தெரிந்தால் மூத்தவளின் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சமும் உடன் நிற்கிறது. விளைவாக, விழுக்காடு 40க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். மாறாக, இல்லாத குறையைக் கூட்டிச் சொல்லுமாறு தூண்டும் இடைத்தரகரும் உளர். அவர்களுக்கு நாம் செவிகொடுக்கலாகாது.

ஆகவே, அந்த நாளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் ஆயர் அத்தாயுடன் அமர்ந்து, பிள்ளையின் ஒரு நாள் வாழ்வை விடியல் முதல் உறக்கம் வரை சொல்லச் செய்து எழுதிக்கொள்வது பெரும் உதவி. எதைத் தானே செய்கிறான், எதை அவள் கைபிடித்துச் செய்விக்கிறாள் என்பது அப்போது அவளுக்கே தெளிவாகும். உண்மையைக் கூசாமல் உரைக்க அவளுக்குத் துணிவு வேண்டும். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டனர். அக்கேள்வி நம் சபைகளில் வேறு சொற்களில் இன்றும் உலவுகிறது. நாம் பிரசங்க பீடத்திலிருந்து அதைத் தெளிவாக மறுக்காதவரை, அவள் மருத்துவர் முன்னும் மறைத்தே பேசுவாள்.

சான்று ஒருமுறை பெற்றால் முடிந்தது என எண்ணுவதும் தவறு. 5 வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதம் எனத் தற்காலிகச் சான்றே தருவர். பின்னர் 5, 10, 18 ஆகிய வயதுகளில் புதுப்பிக்கவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இவ்வயதுகளைக் கணக்கிடுவது அரிதன்று. வேறு சில சலுகைகளும் உள. துணையாள் இன்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடுடையவருக்கும் உடன்செல்பவருக்கும் இரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம்.

பெரிதும் புறக்கணிக்கப்படுவது 18ஆம் வயது. அன்று சட்டத்தின் பார்வையில் பிள்ளை வயதுவந்தவன். பெற்றோர் இயல்பான காப்பாளர் என்னும் நிலை முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் நியமனம் பெறலாம். இதற்கென ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றப் படிகளை ஏறவேண்டியதில்லை. காப்பாளர் 6 மாதத்திற்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், அதன்பின் ஆண்டுதோறும் கணக்கையும் அளிக்கவேண்டும். தவறினாலோ, கொடுமை செய்தாலோ நீக்கப்படுவார்.

மேவிபோசேத்தின் வரலாற்றில் தாவீதின் பந்தியைக் குறித்தே நாம் அதிகம் பிரசங்கிக்கிறோம். தாவீது பந்தியில் இடமளித்ததோடு சவுலின் நிலங்களையும் திரும்ப அளித்தான். அவற்றைப் பயிரிடும் பொறுப்பு சீபாவிடம் விடப்பட்டது. கழுதையில் ஏறித் தானே சென்று முறையிட இயலாத எசமானனின் நிலையைப் பயன்படுத்தி, அந்தச் சீபாவே நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளப் பார்த்தான். கணக்குக் கேட்பார் எவருமில்லை. ஆண்டுக் கணக்கை வேண்டும் இச்சட்டப்பிரிவு எதற்கென்று அவ்வரலாற்றை வாசித்தவர்க்கு விளங்கும். பிள்ளைக்கு 17 வயது நடக்கும்போதே பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஒருங்கே அழைத்துப் பேசுதல் நலம். திருமணமாகிச் சென்ற சகோதரியின் கணவரும் அப்பேச்சில் இருக்கட்டும். பின்னாளில் அப்பிள்ளை வாழப்போவது அவர் வீட்டிலாகவும் இருக்கலாம்.