அம்புக்குறியைத் திருப்பிப் பாருங்கள்

"மாதிரியுரு நல்லாப் பொருந்தியிருக்கு, ஆகவே காரணம் நிரூபணமாகிட்டு." கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரியுருவை முதன்முதலாகக் கையாளும் உளவியல் ஆய்வாளர் சறுக்குகிற இடம் இதுதான்.

கவலையை யாரும் தராசில் வைத்து நிறுக்க ஏலாது. வினாக்கொத்தில் நாலைந்து கேள்வி கேட்டு, அந்த விடைகளுக்குப் பின்னால் நிற்கிற ஒன்றாகத்தான் அதை ஊகிக்கிறோம். அதுவே மறைமாறி; 1904இல் ஸ்பியர்மன் நுண்ணறிவு பற்றி எழுதியதிலிருந்து வருகிற யோசனை. புள்ளிகளைச் சும்மா கூட்டிப்போட்டால் அளவீட்டு வழுவும் கூடவே வந்து தொடர்புகளை மெலிதாக்கிக் காட்டும். இந்த முறை வழுவைத் தனியே பிரித்துவைக்கிறது. பெரிய இலாபம் அதுதான்.

மற்றப் பாதி, மாறிகளை அம்புக்குறிகளால் இணைக்கும் பாதைப் பகுப்பாய்வு. அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1920 அளவில் கினிப்பன்றிகளின் நிறத்தை ஆராயப் பயன்படுத்தியது. நிறம் பெற்றோரிலிருந்து குட்டிக்குத்தான் போகும். அம்பின் திசை அவருக்கு முன்னமே தெரியும். 1970களில் கார்ல் யோரெஸ்கொக் இரு பாதிகளையும் இணைத்துக் கணினிக்குக் கொண்டுவந்தார். ஆனால் நமது மாறிகளுக்குத் திசையை யார் சொல்வது?

ஓர் உதாரணம். கவலைக்கும் தூக்கமின்மைக்கும் இணைபு 0.6, தூக்கமின்மைக்கும் கவனக்குறைவுக்கும் 0.5 என்று வைப்போம். கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை கவனத்தைக் கெடுக்கிறது என வரைந்தால், கவலைக்கும் கவனக்குறைவுக்கும் 0.6 × 0.5 = 0.30 வரவேண்டும். தரவிலும் அதுவே வந்தால் ஆளுக்குத் தலைகால் புரியாது. இப்ப அம்புகளைத் திருப்பிப் போடுங்கள். அல்லது தூக்கமின்மையிலிருந்து இரண்டு பக்கமும் வரையுங்கள். அப்பவும் 0.30தான். மூன்று படத்துக்கும் பொருத்தச் சுட்டிகள் ஒரே மாதிரி.

கணினிக்கு இது வித்தியாசமில்லை, உளவளத்துணையாளருக்கு மலையளவு வித்தியாசம். முதற்படம் சரியென்றால் கவலையைக் குறைத்தால் பிள்ளையின் கவனம் தேறும். மற்ற இரண்டில் ஒன்று சரியென்றால் அந்த உழைப்பால் கவனம் அசையாது.

மெக்கல்லமும் சகாக்களும் 1993இல் வெளியான ஆய்வுகளைக் கிளறிப் பார்த்தபோது, இப்படிச் சமமான மாற்றுப்படங்கள் ஏராளம் இருந்தன. எழுதியவர்களோ அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவேயில்லை. சுட்டி 0.95ஐத் தாண்டிவிட்டதா என்பதிலேயே நமது கண்ணும் நிற்கிறது.

திசையைத் தருவது ஆய்வின் அமைப்பு: கவலையை முதலில் அளந்து மாதங்கள் கழித்துக் கவனத்தை அளப்பது, முடிந்தால் பரிசோதனை. ஒரே நாளில் நிரப்பிய வினாக்கொத்துத்தான் கையில் இருக்கிறதென்றால், போட்டிப் படங்களையும் ஆய்வேட்டில் வரைந்து, உங்களுடையதை ஏன் தெரிந்தீர்கள் என்று எழுதுங்கள். லவான் என்ற இலவச மென்பொருளில் அம்பைத் திருப்ப ஒரு வரியை மாற்றினால் போதும்.