கைத் தோலழற்சி (கை எக்சிமா)

கைத் தோலழற்சி என்பது உள்ளங்கை, புறங்கை, விரல்கள், மணிக்கட்டு ஆகிய இடங்களில் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், செதில், வெடிப்பு ஆகியவற்றை உண்டாக்கும் தோல் நோய் ஆகும். இது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, ஓராண்டுக்குள் இரண்டு முறையோ அதற்கு மேலோ திரும்ப வந்தாலோ நாட்பட்ட கைத் தோலழற்சி எனப்படும். மக்கள் வழக்கில் இதனைக் கரப்பான், கை வெடிப்பு, கை அலர்ஜி என்று சொல்வர். சித்த மருத்துவமும் இவ்வகைத் தோல் நோய்களைக் கரப்பான் என்ற பெயரில் குறிக்கிறது.

பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி, ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

களிம்பு பூசினால் இரண்டு வாரத்தில் ஆறுகிறது, நிறுத்தினால் மீண்டும் வருகிறது என்பதே நோயாளிகள் பலரின் குறை. தோலைப் புண்படுத்திய அதே பொருளுக்கு, அதே வேலைக்குக் கை தினமும் திரும்பிச் செல்வதே இதற்கு முதன்மைக் காரணம். எனவே காரணியைக் கண்டறிதல், தோலைக் காத்தல், ஆறிய பின்னும் அந்தக் காப்பைத் தொடர்தல் ஆகிய மூன்றும் மருந்தோடு சேர்ந்தால்தான் நிலையான நிவாரணம் கிடைக்கும்.

தோலின் அரண்

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவருக்கு ஒப்பிடலாம். தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. இச்சுவர் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ள வேதிப்பொருள் உள்ளே புகாமலும் தடுக்கிறது. சோப்பும் சலவைத் தூளும் பாத்திரத்தில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது போலவே, இந்தக் கொழுப்பையும் கரைத்துவிடுகின்றன. சாந்து போன சுவரில் விரிசல் விழுகிறது. விரிசல் வழியே சோப்பு, மிளகாய்ச் சாறு, சிமெண்ட் போன்றவை உள்ளே புக, அழற்சி தொடங்குகிறது.

ஃபிலாகிரின் என்னும் புரதம் இச்சுவர் உறுதியாக அமைய உதவுகிறது. இப்புரதத்துக்கான மரபணுவில் குறைபாடு உள்ளவர்களுக்குத் தோலழற்சி வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. குழந்தைப் பருவத்தில் கரப்பான், மூச்சிரைப்பு, ஒவ்வாமைத் தும்மல் இருந்தவர்களின் கைகள் பிறர் கைகளைவிட எளிதில் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகைகள்

1. உறுத்தல் தோலழற்சி: தண்ணீர், சோப்பு, காரம், அமிலம், எண்ணெய் ஆகியவற்றின் தொடர்ந்த உராய்வால் வருவது. மிகுதியாகக் காணப்படும் வகை இதுவே. போதிய அளவு பட்டால் யாருக்கும் வரலாம்.

2. ஒவ்வாமைத் தோலழற்சி: குறிப்பிட்ட ஒரு பொருளை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கொள்வதால் வருவது. பல ஆண்டுகள் தொல்லையின்றிக் கையாண்ட பொருளுக்கும் திடீரென ஒவ்வாமை தோன்றலாம். தோன்றியபின் மிகச் சிறிய அளவு பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பு எழும்.

3. பிறவித் தன்மையால் வரும் தோலழற்சி: ஒவ்வாமைக் குடும்ப வரலாறு உடையவர்களிடம் காணப்படுவது.

4. நீர்க்கொப்புள வகை: விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் சவ்வரிசி போன்ற சிறு கொப்புளங்கள் கடும் அரிப்புடன் தோன்றும். பாம்ஃபோலிக்ஸ் என்பது இதன் மருத்துவப் பெயர்.

5. தடிப்பு வகை: உள்ளங்கைத் தோல் தடித்து, வறண்டு, ஆழமாக வெடிக்கும்.

ஒருவருக்கே இரண்டு, மூன்று வகைகள் கலந்து வருவதும் உண்டு. சோப்பால் அரண் இழந்த கையில் ஒவ்வாமை எளிதில் குடியேறும்.

கொங்கு வட்டாரத் தொழில்களும் கைகளும்

பூண்டு: நீலகிரியில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வந்து விற்பனையாகின்றன. மண்டியில் பூண்டைத் தரம் பிரிப்போர், கூலிக்குப் பூண்டு உரிப்போர், உணவகச் சமையற்காரர், இல்லத்தரசியர் ஆகியோரின் விரல்நுனிகள் காய்ந்து வெடிப்பதற்குப் பூண்டு முக்கியக் காரணி. அதிலுள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மம் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. வலக்கையால் கத்தி பிடிப்பவர் பூண்டை இடக்கையில் பிடிப்பதால், இடக்கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகளே பெரும்பாலும் பாதிக்கப்படும். இந்த அமைப்பைக் கண்டாலே மருத்துவர்கள் பூண்டைச் சந்தேகிப்பர். இச்சேர்மம் மெல்லிய ரப்பர் கையுறையையும் ஊடுருவ வல்லது. ஆகையால் ஒவ்வாமை உறுதியானவர்கள் கையுறையை மட்டும் நம்பாமல், உரிக்கும் வேலையையே தவிர்ப்பது நல்லது.

சிமெண்ட்: ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. அதிலுள்ள குரோமேட் ஒவ்வாமையையும் உண்டாக்கும். கொத்தனார், சித்தாள் ஆகியோரின் கைகளில் இது நீண்ட நாள் தொல்லை தருகிறது. டென்மார்க் 1983ஆம் ஆண்டு முதல் சிமெண்ட்டில் கரையும் குரோமேட்டின் அளவைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. இரும்பு சல்ஃபேட் சேர்ப்பதன் மூலம் அந்த அளவு குறைக்கப்பட்டது. அங்குக் கட்டடத் தொழிலாளரிடையே இந்த ஒவ்வாமை குறைந்ததால், ஐரோப்பிய ஒன்றியமும் 2005இல் அதே வகை வரம்பைக் கொண்டுவந்தது.

பட்டறை: கோயம்புத்தூரின் பம்புசெட், வார்ப்பட, லேத் பட்டறைகளில் கடைசல் வேலை செய்வோரின் கைகள் கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மத்தில் நாள் முழுதும் நனைகின்றன. அதிலுள்ள சோப்புத் தன்மையும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் தோலைப் பாதிக்கின்றன. கையைக் கழுவப் பயன்படுத்தும் மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை நிலைமையை மேலும் மோசமாக்கும்.

சாயப்பட்டறை: திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளில் காரம், வெளுப்பான், சாயம் ஆகியவை கைபடும் பொருள்கள்.

செடிகள்: 1950களில் புணே பகுதியில் முதலில் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் பின்னர் நாடெங்கும் பரவியது. களை பறிப்போரின் கை, முகம், கழுத்து ஆகியவற்றில் இச்செடி அழற்சியை உண்டாக்குகிறது. செவ்வந்தியும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவர் செவ்வந்தி கட்டும்போதும் அரிப்புக்கு உள்ளாகலாம்.

வீடு: பாத்திரம் தேய்த்தல், துணி துவைத்தல், குழந்தை பராமரிப்பு எனக் கை நனையும் வேலைகள் பெண்கள் மேல் விழுவதே அவர்களிடம் இந்நோய் மிகுந்திருப்பதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருப்பதும், இருபது முறைக்கு மேல் கை கழுவுவதும் ஆபத்தான அளவு என்று தொழில்நல வல்லுநர்கள் கணக்கிடுகின்றனர்.

பிற நோய்களிலிருந்து பிரித்தறிதல்

கையில் வரும் அரிப்பெல்லாம் எக்சிமா ஆகாது. கீழ்க்காணும் நோய்களையும் மருத்துவர் கருத்தில் கொள்வார்.

- படை: ஒரு கையில் மட்டும் செதில் இருந்து, பாதங்களிலும் படை இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வர்.
- சிரங்கு: விரலிடுக்கில் தொடங்கி, இரவில் அரிப்பு மிகும். வீட்டில் பிறருக்கும் இருக்கும்.
- சோரியாசிஸ்: தெளிவான விளிம்புடைய தடித்த செதில். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களிலும் காணப்படலாம்.
- தொழுநோய்: தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

ஒட்டுச் சோதனை

ஒவ்வாமைக் காரணியைக் கண்டறிய உதவுவது ஒட்டுச் சோதனை. ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசஃப் யாடசோன் 1895இல் இதனை அறிமுகப்படுத்தினார். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு வட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டுவர். 48 மணி நேரம் கழித்து அகற்றிப் பார்ப்பர். மூன்றாம் அல்லது நான்காம் நாள் மீண்டும் பார்ப்பர். எந்தப் பொருள் வைத்த இடம் சிவந்து தடிக்கிறதோ அதுவே ஒவ்வாமைப் பொருள். அது நோயாளியின் அன்றாட வேலையில் எங்கே வருகிறது என்பதைப் பொருத்திப் பார்ப்பது அடுத்த படி. இந்நாட்டு மக்கள் அதிகம் கையாளும் பொருள்களைக் கொண்ட இந்தியத் தர வரிசை ஒன்றும் பயன்பாட்டில் உள்ளது.

சோதனைக்குச் செல்பவர் தம் வேலையையும் தொடும் பொருள்களையும், விடுமுறை நாள்களில் நோய் குறைகிறதா என்பதையும் இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதிச் சென்றால் மருத்துவரின் பணி எளிதாகும். ஊருக்குப் போன நாள்களில் கை ஆறி, வேலைக்குத் திரும்பியதும் வெடிக்குமானால், காரணி வேலையிடத்தில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம்.

சிகிச்சை

ஈரப்பூச்சு: சிகிச்சையின் அடித்தளம் இதுவே. மணமில்லாத வெண் பெட்ரோலியம் ஜெல்லி விலை குறைந்தது, ஒவ்வாமை தருவது மிக அரிது. தேங்காய் எண்ணெயும் வறட்சியைக் குறைக்கும். கை கழுவித் துடைத்தவுடன், ஈரம் முற்றும் காயுமுன் பூச வேண்டும். இரவில் கனமாகப் பூசி, பருத்திக் கையுறை அணிந்து உறங்குவது பலருக்குப் பலன் தருகிறது.

ஸ்டீராய்டு களிம்பு: அழற்சியைத் தணிக்கும் முதல் மருந்து. உள்ளங்கைத் தோல் தடிமனானது என்பதால் வீரியமுள்ள களிம்பை மருத்துவர் சில வாரங்களுக்குத் தருவார். ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். ஒரு கையின் இருபுறத்துக்கும் அது போதும். அளவோடும் மருத்துவர் சொன்ன நாள்வரையும் பயன்படுத்தினால் அஞ்ச வேண்டியதில்லை. தொடர்ந்து மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும்.

பிற மருந்துகள்: டாக்ரோலிமஸ் களிம்பு, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகள் ஆகியவை தேவைக்கேற்பத் தரப்படுகின்றன. தடிப்பு வகைக்குத் தரப்படும் வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரைகள் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் அதனை மருத்துவரிடம் முன்பே பேச வேண்டும். நாட்பட்ட கைத் தோலழற்சிக்கென்றே உருவான டெல்கோசிடினிப் களிம்பு 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

அன்றாடக் காப்பு

1. வெந்நீரைத் தவிர்த்து, சாதாரண நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ கழுவுக.
2. மோதிரத்தைக் கழற்றி வைக்க. அதன் அடியில் தங்கும் சோப்பே பல நேரம் அழற்சியைத் தொடங்கி வைக்கிறது.
3. பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தி, வெளியே வினைல் என இரட்டைக் கையுறை அணிக. வியர்த்தால் உடனே கழற்றுக. ஈரக் கையுறை காப்பதற்கு மாறாகக் கெடுதல் செய்யும். ரப்பர் கையுறையே சிலருக்கு ஒவ்வாமை தரும்.
4. தக்காளி, எலுமிச்சை, மிளகாய், வெங்காயம் நறுக்கும்போதும் கையுறை பயன்படுத்துக.
5. வெடிப்பில்லாத கைக்குக் கிளிசரின் கலந்த கைச் சுத்திகரிப்பு நீர்மம் சோப்பைவிடக் குறைவாகவே வறட்சி தரும். வெடிப்புள்ள கையில் அது எரியும்.
6. சாக்பீஸ் தூள், சிமெண்ட் தூள் போன்ற உலர்ந்த தூள்களும் ஈரத்தை உறிஞ்சும். வேலை முடிந்ததும் கழுவி ஈரப்பூச்சு இடுக.
7. கை பார்வைக்கு ஆறியபின்னும் தோலின் அரண் முழு வலிமை பெறச் சில மாதங்கள் ஆகும். அதுவரை காப்பை நிறுத்தக் கூடாது. பலர் தவறவிடும் படி இதுவே.

கடைக் களிம்பும் கைவைத்தியமும்

ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்த களிம்புகளை மருந்துச் சீட்டின்றி வாங்கிப் பூசும் வழக்கம் பரவலாக உள்ளது. இதனால் படை மறைந்திருந்து பரவுகிறது; எக்சிமாவும் குணமாவதில்லை. இந்திய அரசு 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது இதன் பொருட்டே.

வெடித்த தோலில் எலுமிச்சை, உப்பு நீர், பச்சைப் பூண்டு விழுது, சுண்ணாம்பு ஆகியவற்றை வைப்பது கூடாது. பச்சைப் பூண்டு தோலைத் தீக்காயம் போலவே புண்ணாக்கும். பச்சிலைச் சாறுகளாலும் ஒவ்வாமை வரலாம்.

மருத்துவரை உடனே காண வேண்டிய நிலைகள்

சீழ், மஞ்சள் பொருக்கு, வீக்கம், காய்ச்சல், கையிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் சிவப்புக் கோடு ஆகியவை கிருமித் தொற்றின் அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகள் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனையையும், தேவைப்பட்டால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவையும் இவ்வட்டார மக்கள் அணுகலாம்.

பிழைப்பும் சமூகமும்

கையில் வரும் நோயை மறைக்க முடியாது. வெடித்த கையால் சமைத்ததை உண்ணத் தயங்குதல், வீட்டு வேலையிலிருந்து நிறுத்துதல், திருமண வீட்டில் ஒதுக்குதல் ஆகியவை இன்றும் நிகழ்கின்றன. இது தொற்றாது என்பதை அருகிலிருப்போர் அறிந்தாலே நோயாளியின் சுமையில் பாதி குறையும்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, வேதிப்பொருள், வண்ணப்பூச்சு ஆகியவற்றால் வரும் தோலழற்சியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் கிலோக் கணக்கில் பூண்டு உரிப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் தொழிற்சாலைச் சட்டத்தின் காப்பு எட்டுவதில்லை. வேலையை விடு என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. உரிக்கும் பணியிலிருந்து மூட்டை கட்டும் பணிக்கு மாற்றுதல், பூண்டு உரிக்கும் எந்திரம், முதலாளி தரும் கையுறை, வேலையிடத்தில் ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவை செலவு குறைந்த, நடைமுறைக்கு ஏற்ற மாற்றங்கள். காரணி தெரிந்து, வேலை சிறிது மாறி, பூச்சு தொடர்ந்தால், ஆண்டுக்கணக்கில் வெடித்த கைகளும் பெரும்பாலும் தேறுகின்றன.