பென்சீன் இனமும் பி.எச்.சி. பொடியும்

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தில் பரமேசுவர தடாகம் என்னும் ஏரி இருந்ததையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டப்பட்டதையும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு கூறுகிறது. இத்தனை தலைமுறைகளாய் உழுதுவரும் மண்ணில் எதை இடலாம், எதை இடலாகாது என்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம். முன்னாளில் நெல் வயல்களில் ஏராளமாய்த் தூவப்பட்ட பி.எச்.சி. பொடியின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

இப்பொடிக்கு மூலப்பொருள் பென்சீன். 1825இல் இங்கிலாந்தில் பாரடே என்னும் சாஸ்திரி விளக்கு வாயுவின் கசட்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பின்பு நிலக்கரித் தாரிலிருந்தும், இக்காலத்தில் பெரும்பாலும் மண்ணெண்ணெய்க் கிணறுகளின் கச்சா எண்ணெயிலிருந்தும் இது கிடைக்கிறது. நிறமற்றது, நீரில் கலவாது மிதக்கும், 80 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும், கரும்புகையுடன் எரியும். இதன் ஆவியை நெடுநாள் சுவாசிப்போருக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாகும்.

பென்சீனில் 6 கரி அணுக்கள் வளையமாய்க் கைகோத்து நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன் அணு ஒட்டியிருக்கிறது. இவ்வளைய அமைப்பை 1865இல் ஜெர்மானியராகிய கெக்குலே வெளியிட்டார். இணைப்புகள் ஆறும் சமமானவை. ஆதலால் வளையம் மிக உறுதியானது. பட்டுப் புடவைப் பெட்டியில் இடும் அந்துருண்டையாகிய நாப்தலீன், இத்தகைய இரு வளையங்கள் சேர்ந்த பொருளே. இவ்வினத்திற்கு அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்று பெயர்.

வளையம் எளிதில் உடையாது. ஆனால் ஹைட்ரஜனை விடுத்து வேறொன்றை ஏற்கும். கந்தகத் திராவகமும் வெடியுப்புத் திராவகமும் கலந்து சேர்த்தால் நைட்ரோபென்சீன் உண்டாகும். அதிலிருந்து அனிலீனும், அதன் வழியே பலவகைச் சாயங்களும் பிறக்கின்றன. இரும்பின் உதவியால் குளோரின் சேர்த்தால் குளோரோபென்சீன் கிடைக்கும்; டி.டி.டி. செய்வதற்கு இதுவே வேண்டும்.

இரும்பின்றி, சூரிய வெளிச்சத்தில் குளோரினைச் செலுத்தினாலோ நிகழ்வது வேறு. 6 குளோரின் அணுக்கள் வளையத்தோடு கூடிவிட, பென்சீனின் தன்மையே மாறிப் பி.எச்.சி. உண்டாகிறது. இதில் பல வகைகள் கலந்திருக்கும். பூச்சியைக் கொல்வது காமா வகை மட்டுமே. அது 100 பங்கில் 10 முதல் 15 பங்கு வரைதான். எஞ்சியது வீணாய் வயலில் விழுந்தது. அதிலும் பீட்டா வகை எளிதில் சிதையாது. கொழுப்பில் தங்கும் தன்மையால், தீவனத்தின் வழியே மாட்டுக்குச் சென்று பாலிலும் சேர்ந்தது. பூச்சிக்கென இட்டது குழந்தையின் பாலாடைக்கு வந்து சேர்ந்தது என்க.

ஆகையால் இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. காமா வகையாகிய லிண்டேனின் உற்பத்தி 2011இலும் உபயோகம் 2013இலும் நிறுத்தப்பட்டன.

பழைய களஞ்சியங்களில் இப்பொடி எஞ்சியிருப்பின், விதைக்கோ பயிருக்கோ இடலாகாது. கொளுத்தினால் நச்சுப்புகை எழும். ஏரியிலோ கிணற்றிலோ கொட்டினால் நீர் கெடும். பையைப் பிரிக்காமல், தானியத்திற்கும் தீவனத்திற்கும் எட்டாத இடத்தில் வைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு அறிவித்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.