மழையிலும் பனியிலும் நிற்கும் பெரும் பலகைகள்

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது நம் பழமொழி. வித்துராவுக்கு அது நன்றாகவே பொருந்தும். பொன்முடி அடிவாரமாதலால் இங்கே இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. அவை ஓய்ந்தால் மார்கழிப் பனி. குளிர்நாடுகளில் பலகைமேல் தங்கும் பனிக்கட்டியின் எடைக்குக் கணக்குப் போடுகிறார்கள். நமது குளிர்காலத்துக்கு நாம் போட வேண்டிய கணக்கு காற்று, தண்ணீர், ஈரம் மூன்றுக்கும்தான்.

கடைத் திறப்பு, திருவிழா, சங்க ஆண்டு விழா என்று எதற்கும் பெரிய பலகை வைக்கிறோம். அது விழாமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று, இரும்பும் பெயிண்டும் விற்றுப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் காற்று. காற்று விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் வரும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 திருவனந்தபுரத்துக்குத் தரும் அடிப்படை வேகம் 39. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 912 நியூட்டன், அதாவது 93 கிலோ. 20 அடிக்கு 10 அடி பலகை 18.6 சதுர மீட்டர். ஆக, பெருங்காற்றில் அதன்மேல் சுமார் 1,700 கிலோ தள்ளு! வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்காகும். சவுக்குக் கம்பும் சணல் கயிறும் இதற்குத் தாங்குமா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் தென்கோடியைப் புரட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டோம். புயல்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு விழா பேனர் சரிந்து, வண்டியில் போன இளம்பெண் உயிரிழந்தார். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் ராட்சதப் பலகை விழுந்து 17 பேர் மாண்டார்கள். காற்றுப் போக என்று துணியில் பிறைவடிவில் வெட்டிவிடுவது நம்ம ஆளுங்க வழக்கம். அதனால் தள்ளு பெரிதாகக் குறையாது. கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்து தண்ணீர். என் கடைக்கு நான் வைத்த முதல் பலகை நாலாவது வருஷம் சாய்ந்துவிட்டது. வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. குழாய்க்குள் மழைநீர் தேங்கி, உள்ளிருந்தே துரு தின்றிருந்தது. குழாயின் தலையை மூடி, அடியில் ஒரு சிறு துளை விட்டிருந்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை. காலைச் சுற்றிய கான்கிரீட் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நாகமுலாம் பூசிய குழாய் நல்லது.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. மதுரை மாங்குளம் போன்ற சமணக் குகைத்தளங்களில், பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பதைக் காணலாம். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டி விழும். இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அங்கே தமிழி எழுத்து நிற்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்த சிதறால் மலையிலும், தீர்த்தங்கரர் சிற்பங்கள் கவிந்த பாறைக்கு அடியில்தான் உள்ளன. நம் பலகைக்கும் தலையில் நான்கு அங்குலத் தகர விளிம்பு வைத்தால், எழுத்தின் மேல் நீர் ஓடாது, பாசியும் குறையும்.

மூன்றாவது, வெயிலும் குளிரும். 10 அடி அலுமினியத் தகடு, வெப்பம் 30 பாகை மாறும்போது சுமார் 2 மில்லிமீட்டர் நீளும்; இரும்புச் சட்டம் அதில் பாதிதான். இரண்டையும் இறுக்கி முடுக்கினால் தகடு நெளியும். துளையைக் கொஞ்சம் நீளவாக்கில் போட்டு, நைலான் வாஷர் வைக்க வேண்டும். பிளெக்ஸோ வெயிலில் மென்மை இழந்து வெடிக்கும். 2019-ல் கேரள அரசு பி.வி.சி. பிளெக்ஸைத் தடை செய்தும் விட்டது. தற்காலிகப் பலகைக்குப் பருத்தித் துணியே உகந்தது.

எழுத்து விஷயத்தில், 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்பது நல்ல கணக்கு. 100 அடியிலிருந்து வாசிக்க 10 அங்குலம் வேண்டும். பனிமூட்டத்தில் பளபளப்புத் தாள் கண்ணைக் கூசும். மங்கலான பரப்பில் அடர்ந்த எழுத்து நல்லது. நம் தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் சுழி நிறைந்தவை. எழுத்தைத் தடிமனாக்கினால் சுழி அடைபடும். ஆகவே சொற்களைக் குறையுங்கள்.

இன்னொன்று, மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். மழை விட்ட மாலையில் வெள்ளை விளக்குக்கு ஈசல் கூட்டம் வந்து மடிகிறது. மஞ்சள் விளக்கு போட்டு, ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் ஏணி வைத்து, போல்ட்டு, அடித்தளம், மூலை எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். விழா முடிந்த பலகையை மறுநாளே இறக்கிவிடுங்கள். அதன் கீழே பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.