இன்சுலின் 450, ஸ்ட்ரிப் 2,400

ஆறாம் வகுப்புப் பிள்ளை, எடை 30 கிலோ, டைப் 1 சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1 யூனிட் வீதம் நாளுக்கு 30 யூனிட், மாதம் 900 யூனிட் இன்சுலின் வேண்டும். 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கும். ஆக மாதம் 3 குப்பி. சாதாரண ஹியூமன் இன்சுலின் குப்பி 150 ரூபாய் என்றால் 450 ரூபாய். அரசு மருத்துவமனையில் அதுவும் இலவசம்.

பணத்தைத் தின்பது ஸ்ட்ரிப்தான். நாளுக்கு 4 முறை விரலில் குத்திப் பார்க்க மாதம் 120 ஸ்ட்ரிப்; 20 ரூபாய் வீதம் 2,400. விலை கடைக்குக் கடை கொஞ்சம் மாறலாம், விகிதம் பெரிதாக மாறாது. கை இறுகும்போது வீட்டார் முதலில் நிறுத்துவது பள்ளியில் பார்க்க வேண்டிய மதியச் சோதனையை. 220 வேலைநாளுக்கு 4,400 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சம் என்ன செய்கிறது? சத்துணவுக்கான மத்திய அளவுப்படி 6 முதல் 8 வகுப்புக்கு அரிசி 150 கிராம். சோற்றில் மட்டும் ஏறத்தாழ 117 கிராம் மாவுச்சத்து. 15 கிராமுக்கு 1 யூனிட் என்றால் 8 யூனிட் போட வேண்டும். போட்டுக்கொண்ட பிள்ளை பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டால் 4 யூனிட் அதிகம். இந்த எடைக்கு யூனிட்டுக்குச் சுமார் 50 மி.கி. வீதம் சர்க்கரை 200 மி.கி. குறையலாம். 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும்; சோதிக்காமல் அது தெரியாது.

அப்போது தேவை 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கிலோ 45 ரூபாய்க்கு வாங்கினால் செலவு 70 காசுக்குள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

இன்னொரு சிக்கல் மணி. விலை குறைந்த ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே போட வேண்டும். 12.40-க்குச் சாப்பாடு என்றால் 12.10-க்கு ஊசி, அதாவது பாடம் நடக்கும்போதே. 5 நிமிடம் வீதம் 220 நாளுக்கு 18 மணி 20 நிமிடம். கல்வி உரிமைச் சட்டம் அந்த வகுப்புக்குச் சொல்லும் 1,000 மணி நேரத்தில் 2 சதவீதம்கூட இல்லை. வகுப்பிலேயே சோதிக்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் அனுமதிக்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது. பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-இலேயே அனுமதித்தது. அதன் பிறகும் ஊசிப் பையைத் தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைப்பதை என்னவென்று சொல்வது!

உதவும் ஆசிரியருக்கு ஒரு எச்சரிக்கை: மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாறினால் மருந்து இரண்டரை மடங்கு ஏறும், அல்லது பாதிக்கும் கீழே குறையும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களே, ஜூன் மாதக் கூட்டத்தில் அந்த 4,400 ரூபாயைத் தீர்மானமாக எழுதுங்கள். அரைக் கிலோ சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.